நாற்பத்தொன்றாம் நட்சத்திரத்துக்கு முப்பது மணி நேரம்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை, நீயே சேர்த்துப் படித்துக்கொள். நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அம்மா எனக்கு உண்மையைச் சொல்வதில்லை, நீயாவது சொல். போனில் கூப்பிட்டால் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். தாள் என்றால் கடைசி வரிவரை படித்துத்தான் ஆகவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டு நான் போட்ட விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் இன்னொரு தடவை கேள். திட்டுவதென்றால் முழுதாகத் திட்ட வேண்டும். அந்த இளம் நட்சத்திரக் கொத்தில் நாற்பத்தொன்றாம் எண் நட்சத்திரத்தை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அதன் வெளிச்சம் பதினெட்டு மணி நேரம் இம்மியளவு மங்கியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மறுபடி அதே அளவு, அதே பதினெட்டு மணி நேரம். ஏதோ ஒரு கோள் அதன் குறுக்கே போகிறது. மூன்றாவது தடவை வருகிற அக்டோபர் 19. அன்றைக்கு முப்பது மணி நேரம் கிடைத்தால் கோள்தான் என்று அடித்துச் சொல்லிவிடலாம். விட்டால் இன்னும் மூன்று வருஷம். என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. கையில் கோள் இருந்தால் நீட்டிப்பார்கள், இல்லாவிட்டால் மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

மதிப்பெண் வரிசையில் ஓர் இடத்தில் கோடு போடுவார்கள், கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு நேரம் உண்டு. நான் கோட்டுக்குக் கீழே முதல் ஆள்.

யார் எழுதியது என்று மதிப்பெண் போடும் குழுவுக்குத் தெரியக்கூடாது, குழுவில் யார் என்று எங்களுக்குத் தெரியக்கூடாது. விதி, சரி. ஆனால் காரணம் என்று ஒரு பத்தி அனுப்புகிறார்களே, அதில் ஒரு வரி இருக்கிறது. "கரும்புள்ளிகளைக் கழிக்கும் இந்த முறை, மூன்று நாளுக்குள் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடும் நட்சத்திரங்களில் தடுமாறும். விண்ணப்பித்தவருக்கு இது தெரிந்ததாகக் காணோம்."

நாற்பத்தொன்று உடம்பெல்லாம் கரும்புள்ளி உள்ள நட்சத்திரம். இரண்டரை நாளுக்கு ஒரு சுற்று. புள்ளி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வெளிச்சம் குறையும். அந்த ஆட்டத்தைக் கழித்தால்தான் கோளால் வரும் மங்கல் தெரியும். கழிக்கும் முறையைக் கண்டுபிடித்தவன் நீ. அது மூன்று நாளுக்குள் தடுமாறும் என்று நீ எங்கேயும் எழுதவில்லை. இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடம் சொன்னாய், என்னிடம், உன் வீட்டு அடுப்படியில், பாத்திரம் துடைத்துக்கொண்டே.

குழுவில் இருந்தவன் நீதானே? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். அம்மா காலையில் எழுந்ததும் நாலு அடி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், பிறகு சரியாகிவிடுகிறது. வைத்தியர் நடக்கச் சொல்கிறார். அம்மா வைத்தியரை நடக்கச் சொல்கிறார்.

உன் விண்ணப்பம் பற்றிக் கேட்டு வருத்தம். எந்தக் குழுவில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று சொல்ல யாருக்கும் அனுமதி கிடையாது. நான் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. குழுவின் கருத்துகள் பொதுவாக நல்லெண்ணத்தில் எழுதப்படுபவை. அவற்றைக் கவனத்தில் கொண்டு அடுத்த சுற்றில் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

இங்கே பரீட்சைத் தாள் திருத்தும் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அதனால்தான் தாமதம்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நேரமில்லை இது.

அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கலாமாம். அடுத்த சுற்றில் கோள் இருக்குமாடா அங்கே? பஸ்ஸா அது, இது போனால் அடுத்தது வர? ஆயிரத்து நூற்று நாலு நாளுக்கு ஒரு தடவை வருவதை, முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எனக்குச் சொல்கிறாய். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஏதோ அலுவலகத்தில் அச்சடித்து வைத்திருந்த தாளில் மேலே அக்கா, கீழே தம்பி என்று நிரப்பி அனுப்பின மாதிரி இருக்கிறது. சின்ன வயதில் தப்புச் செய்தால் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நிற்பாயே, அதே ஆள். ஊமைக்கோட்டான் என்று உனக்குச் சும்மா பேர் வைக்கவில்லை.

என் அறை உனக்குத் தெரியும், நடுவில் தூண் நிற்குமே அந்த மூலை அறை. தூணில் அக்டோபர் 19க்கு எத்தனை நாள் என்று சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கு இருநூற்று முப்பது. துப்புரவு செய்கிற அம்மாள்கூட அதை அழிக்காமல் சுற்றித் துடைக்கிறார். அவருக்குத் தெரிகிறது அதன் அருமை.

ஆமாமா, இல்லையா? விதியைப் பற்றி இன்னொரு வரி எழுதினால் வண்டி பிடித்து நேரில் வந்துவிடுவேன்.

அக்கா


மார்ச் 19

பெரியவளுக்கு அம்மா எழுதறது.

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன், நல்லா இருக்கறவ இப்படி லெட்டர் எழுத மாட்டா. அவன் மேசையில போட்டுட்டுப் போனதை எடுத்துப் படிச்சேன். அடுத்தவங்க லெட்டரைப் படிக்கக் கூடாதுதான். நான் பெத்தவ, அடுத்தவ இல்ல.

என்னடி வேணும் உனக்கு? ஊர்ல எல்லாரும் நிலத்துக்கு அடிச்சுக்குவாங்க, வீட்டுக்கு அடிச்சுக்குவாங்க. நான் பெத்தது ரெண்டும் வானத்துல எங்கேயோ கெடக்கற ஒண்ணுக்கு அடிச்சுக்குது. அது என்னமோ நம்ம வீட்டுக் கொல்லையில இருக்கற மாதிரி.

அவன் சரியா சாப்பிடறதில்ல. ஜனவரியில நாலு நாள் சின்ன ரூமுக்குள்ள போய்க் கதவை அடைச்சுக்கிட்டான். கம்ப்யூட்டர்ல யார் யாரோடயோ பேச்சு. யார் கூப்பிட்டாலும் கதவைத் தட்டாதே, ரகசியக் கூட்டம்னான். நான் டீயைக் கதவுக்கு வெளியில வச்சுட்டு வருவேன். மூணாம் நாள் வெளியில வந்தான் பாரு, முகம் செத்துப் போச்சு. என்னடான்னேன். "அக்கா என்னைத் துடைச்சுப் போட்டுட்டாம்மா"ன்னான். நீ போன்ல ஏதோ சொல்லிட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்.

அவனை என்ன சொன்னே? என்ன சொல்லியிருந்தாலும் பெரியவ நீதான் இறங்கி வரணும். நாட்டாமை பண்ணாதே.

அம்மா


மார்ச் 27

தம்பிக்கு,

அம்மா எனக்கு எழுதியிருக்கிறார். நீ சொல்லாததை அவர் சொல்லிவிட்டார், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே. அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

ஆக, இருந்திருக்கிறாய். நாற்பத்தொன்று என்ற எண்ணைப் பார்த்ததுமே இது யார் விண்ணப்பம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஒன்பது வருஷமாக உன் காதில் ஓதின எண் அது. யாருடையது என்று தெரியாமல் மதிப்பெண் போடத்தான் பெயரை மறைக்கிறார்கள். உறவு என்று தெரிந்தால் அந்த நிமிஷமே சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும், அந்த விண்ணப்பம் முடிகிறவரை கூட்டத்துக்குள் வரக்கூடாது. இந்த விதி மட்டும் உனக்கு மறந்துவிட்டதா? மற்றதெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறாயே.

நீ எழுந்து போயிருந்தால் போதும். எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாம். மீதி ஐந்து பேர் போட்டதில் நான் கோட்டுக்கு மேலே வந்திருப்பேன். ஆறு மதிப்பெண்ணையும் பெயரில்லாமல் அனுப்பியிருக்கிறார்கள், மோசமானதை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், உனக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

ஒரு வழி இருக்கிறது. இயக்குநர் கையில் அவசரத்துக்கென்று கொஞ்சம் மணி நேரம் எப்போதும் இருக்கும். மதிப்பீட்டில் தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்தால் அதிலிருந்து கொடுப்பார். நான் எழுதினால் தோற்றவளின் புலம்பல். உட்கார்ந்திருந்தவன் எழுத வேண்டும். நீ எழுது. அக்டோபர் அட்டவணையை ஆகஸ்ட் கடைசியில் மூடிவிடுவார்கள்.

நான் உன்னைத் துடைத்துப் போட்டேனாம். எப்போதடா?

அக்கா


மே 30

அக்காவுக்கு,

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பரீட்சைத் தாள் என்று இந்தத் தடவை பொய் சொல்லப் போவதில்லை. ஏழு கடிதம் எழுதிக் கிழித்தேன். எட்டாவதையும் கிழித்துவிடுவேனோ என்று பயந்து நின்றுகொண்டே எழுதுகிறேன். உடம்பு நலம். உன் உடம்பும் நன்றாக இருக்கட்டும், திட்டு வாங்க அது வேண்டும்.

ஆமாம். இருந்தேன். தெரிந்தே இருந்தேன். முதல் பக்கத்திலேயே எழுந்திருக்கத்தான் நினைத்தேன். எழுந்திருப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடலாம் என்று ஆசை. சொல்லப்போனால் பெருமை, நம் வீட்டு ஆள் எழுதினது என்று. நாலாம் பக்கம் வந்தேன். என்ன எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? "கரும்புள்ளி ஆட்டத்தைக் கழிக்க ஏற்கெனவே உள்ள ஒரு முறை பயன்படுத்தப்படும்."

ஏற்கெனவே உள்ள ஒரு முறை. எங்கே உள்ளது? மரத்தில் காய்த்ததா? இரண்டு வருஷம் அக்கா. இந்தச் சின்ன அறையில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்தேன். உனக்காகத்தான் செய்தேன், உன் நட்சத்திரத்துக்காக. ஒரு பெயர், ஒரு அடைப்புக்குறி, ஒன்றும் கிடையாது.

இது முதல் தடவையாக இருந்தால் பொறுத்திருப்பேன். நாலு வருஷத்துக்கு முன் வந்த உங்கள் கட்டுரையில் என் பெயர் எங்கே இருந்தது? கடைசிப் பக்கத்தில், நன்றி வரிசையில், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் சரிசெய்தவருக்கு அடுத்து. "பிரிவுத் தலைவர் எடுத்துட்டார்டா, நான் என்ன செய்யறது" என்றாய். நம்பினேன். இப்போது தலைவர் யாரும் இல்லை, நீயே எழுதினது, அதிலும் நான் இல்லை. அம்மாவிடம் சொன்னதுதான் சரி. துடைத்துப் போட்டுவிட்டாய்.

ஒன்று என்றால் மிக நல்லது, ஐந்து என்றால் மோசம். நான் ஐந்து போட்டேன். அந்த வரியையும் நான்தான் எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, மூன்று நாளுக்குள் அது தடுமாறத்தான் செய்யும். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று நினைக்காதே. ஆனால் எரிச்சல் தணிந்தது, அதை மறைக்கவில்லை.

இயக்குநருக்கு எழுத மாட்டேன். எழுதினால் என்னை எந்தக் குழுவிலும் சேர்க்க மாட்டார்கள், எனக்கு இந்தச் சுற்றில் கிடைத்த நேரமும் போய்விடும். உனக்காகச் செய்தது போதும்.

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மதியத்துக்குள் பதில் எழுதுகிறேன், கிழிக்கிற பழக்கம் எனக்கில்லை.

முட்டாள். படித்த முட்டாள். விண்ணப்பத்தில் என் பெயரை மட்டுமல்ல, என்னோடு வேலை செய்கிறவர்களைக் காட்டிக்கொடுக்கிற எதையும் எழுதக்கூடாது. "என் தம்பி செய்த முறை" என்று எழுதினால் அன்றைக்கே குப்பைத்தொட்டி. "நாங்கள்" என்று எழுதினால்கூடத் திருப்பி அனுப்புகிறார்கள். எழுதும் விதிகளை நீ படித்ததே இல்லையா? மதிப்பெண் போடுகிற விதியை மட்டும் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறாய்.

பெயர்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் உண்டு. மதிப்பெண் எல்லாம் போட்டு முடித்த பிறகு, தேறினவர்களுடையதை மட்டும்தான் திறப்பார்கள். நான் தேறவில்லை. என் பக்கத்தை இதுவரை யாரும் திறக்கவில்லை. பிரதி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், படி:

"கரும்புள்ளி கழிக்கும் முறையை உருவாக்கியவர் என் தம்பி. இந்த ஆய்வு முழுக்க அந்த முறையை நம்பியே நிற்கிறது. மூன்று நாளுக்குள் சுற்றும் நட்சத்திரங்களில் அது தடுமாறும் என்பதை நாங்கள் அறிவோம். அதைச் சரிசெய்யக்கூடியவர் அவர் ஒருவரே. நேரம் வழங்கப்பட்டால் தரவுப் பகுப்பாய்வை அவரே தலைமையேற்று நடத்துவார், கட்டுரையில் முதல் பெயரும் அவருடையதாக இருக்கும்."

குழுவில் உட்கார்ந்து நீ எழுதின குறைக்குப் பதில் நீதான்டா. அந்தப் பதிலைத்தான் ஐந்து போட்டு மூடிவிட்டாய்.

உன்னைக் கேட்காமல் எழுதினேன். தேறினால் கேட்கலாம் என்றிருந்தேன். தேறாவிட்டால் உன்னிடம் எதற்குப் போய் நிற்க வேண்டும் என்ற திமிர். அது என் தப்பு.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன்னைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இருக்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டுரையிலிருந்து உன் பெயரை எடுத்தது பிரிவுத் தலைவர் இல்லை. நான். இங்கே பதினோரு பேரில் நான் ஒருத்திதான் பெண். தம்பி பெயரும் சேர்ந்து வந்தால், "எல்லாம் அவன் போட்ட கணக்கு, அக்காவுக்குப் பேர்" என்று டீ குடிக்கும்போது பேசுவார்கள் என்று பயந்தேன். பயந்தேன், எடுத்தேன், உன்னிடம் பொய் சொன்னேன். அந்தப் பக்கத்தை எழுதும்போது இதையும் நினைத்துத்தான் எழுதினேன்.

எழுதுவதும் எழுதாததும் இனி உன் இஷ்டம். தூணில் நூற்று முப்பத்தைந்து.

அக்கா


ஜூலை 14

பெரியவளுக்கு,

நானே எழுதறேன், அவன் எழுத மாட்டேங்கறான். உன் லெட்டர் வந்து அஞ்சு வாரம் ஆச்சு. படிச்சான், மடிச்சான், சட்டைப் பையில வச்சான். சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்து வேற சட்டையில வச்சுக்கறான். என்கிட்ட குடுடான்னா முறைக்கறான். போன வாரம் அலமாரியை ஒழிக்கறேன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் வெளியில இழுத்துப் போட்டான், இன்னும் உள்ள வைக்கல. நான் அதுமேல தடுக்கி விழப் பார்த்தேன்.

என்னடி எழுதினே? நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்லு. என் காலுக்கு ஒண்ணும் இல்ல, அதை நெனச்சுப் பேச்சை மாத்தாதே.

அம்மா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

நலம். அம்மா நலம், அலமாரியும் ஒழுங்காகிவிட்டது.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. முதல் பாதி படித்தபோது வெட்கத்தில் கூனிப் போனேன். இரண்டாம் பாதி படித்தபோது உன்மேல் அப்படி ஒரு கோபம். நாலு வருஷம். எத்தனை தடவை அந்தத் தலைவரை உன்னிடமே திட்டியிருக்கிறேன், நீயும் கூடச் சேர்ந்து திட்டினாய். நல்ல மனிதர், ஒரு பாவமும் அறியாதவர். ஒரு மாதம் அந்தக் கோபத்தில் உட்கார்ந்தேன். உனக்கு இது வேண்டும், கோள் போகட்டும் என்றுகூட நினைத்தேன். பிறகு பார்த்தால், நான் ஐந்து போட்டபோது எனக்கு இது தெரியாது. நான் போட்டது விண்ணப்பத்தில் என் பெயர் இல்லை என்ற காரணத்துக்கு, அந்தக் காரணம் தப்பு.

ஜூலை 22 அன்று இயக்குநருக்கு எழுதிவிட்டேன். உறவு தெரிந்தும் எழுந்து போகவில்லை, கோபத்தில் மதிப்பெண் போட்டேன் என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதினேன். நீ அனுப்பின பெயர்ப் பக்கத்தின் பிரதியையும் வைத்தேன். நேற்றுப் பதில் வந்தது. ஐந்து வருஷத்துக்கு எந்தக் குழுவிலும் நான் கிடையாது. என் நேரமும் போயிற்று. உனக்கு அவருடைய கையிருப்பிலிருந்து முப்பது மணி நேரம், அக்டோபர் 19.

ஒரு நிபந்தனை. தரவு வந்த பிறகு ஒரு வருஷம் பூட்டில் இருக்கும், கேட்டவர்கள் மட்டும் பார்க்கலாம், அது எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். அந்த ஒரு வருஷமும் நான் தரவைத் தொடக்கூடாது, உன் குழுவில் என் பெயர் இருக்கக்கூடாது. மதிப்பீட்டில் தப்புச் செய்தவனே அதனால் லாபம் அடையக்கூடாதாம். நியாயம்தான். அந்தப் பக்கத்தில் என் பெயரை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இந்தத் தடவை நானே சொல்கிறேன், துடைத்துப் போடு.

தம்பி


ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

நன்றி என்று எழுத மாட்டேன். உடைத்தவன் ஒட்டினதற்கு நன்றி எதற்கு? ஆனால் உன் கடிதத்தை வாசித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எழுந்து போய் இயக்குநர் அலுவலகத்தோடு நாலு நாள் சண்டை. "அவன் இல்லாமல் முப்பது மணி நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? புள்ளி ஆட்டத்தை எப்படிக் கழிக்க?" என்றேன். எதிர்முனையில் இருந்த பெண் தேன் ஒழுகப் பேசினாள். "வேறு நிபுணர் யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம்." வேறு நிபுணர் எங்கே, கடையில் விற்கிறார்களா? உன் முறையை இரண்டரை நாள் சுற்றுக்குச் சரிசெய்ய நானே உட்கார்ந்து பார்த்தேன். மூன்று நாள் மண்டையை உடைத்ததில், பழைய மங்கல் இரண்டையும் சேர்த்தே கழித்துத் தொலைத்துவிட்டேன். புள்ளியும் இல்லை, கோளும் இல்லை, சுத்தமாக வழித்த மாதிரி ஒரு கோடு.

பெயரை அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன், இல்லாவிட்டால் அட்டவணை மூடிவிடும். என் கையாலேயே இரண்டாம் தடவை. உனக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் கொஞ்சம் தெரிந்தது. கோபமாக வருகிறது, உன்மேல், என்மேல், அந்தத் தேன் குரல்மேல்.

அக்கா


செப்டம்பர் 15

அக்காவுக்கு,

எல்லாரும் நலம்.

எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு நாள் வேலை. ஆனால் அதை உனக்குச் சொன்னால் நான் உன் குழுவுக்கு உதவினதாக ஆகிவிடும், உன் நேரத்தை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் சொல்ல மாட்டேன். மறுபடியும் வாயில் கொழுக்கட்டை என்பாய், சொல்லிக்கொள். நிழல் மாதிரி பின்னால் நின்று உதவுகிற ஆளாக இருந்ததால்தான் இவ்வளவும் வந்தது, இனி அப்படி வேண்டாம்.

ஒரு வருஷம் பொறு. பூட்டுத் திறந்ததும் செய்து கொடுக்கிறேன். உன் ஒப்பந்தம் டிசம்பரில் முடிவது தெரியும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தம்பி


அக்டோபர் 8

தம்பிக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது, எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அதனால் நேரில் நின்றாலும் இன்றைக்கு உன்னைக் கத்தித் திட்ட முடியாது. எழுதித்தான் திட்ட வேண்டும்.

பூட்டு என்னுடையது. என் விண்ணப்பம், என் தரவு, ஒரு வருஷம் எனக்கு மட்டும். ஆனால் எனக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லலாம், அப்படி ஒரு விதி இருக்கிறது. யாரும் சொல்வதில்லை, அதனால் யாருக்கும் ஞாபகம் இல்லை. சொன்னால், தரவு தரைக்கு வந்த அன்றைக்கே உலகத்துக்கெல்லாம் திறந்துவிடும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றால், நீயும் பார்க்கலாம். அலுவலகத்தில் கேட்டேன். தேன் குரல்காரி அந்த விதியைத் தேடிப் படித்துப் பார்த்தாள். பிறகு, "பொதுத் தரவை யார் பார்ப்பதையும் நாங்கள் தடுக்க முடியாது, மேடம். ஆனால் நன்றாக யோசித்தீர்களா?" என்றாள்.

யோசித்தேன். நம்மோடு போட்டி போடும் அந்த ஆய்வுப் பட்டாளத்தை உனக்குத் தெரியும், முப்பது பேர், இரவு பகல் ஓடுகிற இயந்திரங்கள், என் நட்சத்திரக் கொத்தின்மேல் அவர்களுக்கு நாலு வருஷமாகக் கண். நாம் பார்க்கிற அதே நிமிஷம் அவர்களும் பார்ப்பார்கள். அவர்கள் முந்தினால் கோள் அவர்களுடையது, எனக்கு டிசம்பரில் மேசையைக் காலி செய்கிற வேலை மட்டும். பிரிவுத் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "ஒன்பது வருஷத்தைத் தெருவில் கொட்டறீங்களே" என்றார். அவரிடம் நாலு வருஷத்துக்கு முந்தின கதையையும் சொல்லிவிட்டேன், நீ அவரைத் திட்டினதெல்லாம் சேர்த்து. எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இன்று காலையில் அறிவிப்பு வந்துவிட்டது, பட்டாளமும் பார்த்திருக்கும்.

உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்காராதே. எனக்கு அந்தக் கோள் இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். உன் கை இல்லாமல் அது தெரியாது. பூட்டி வைத்து ஒரு வருஷம் முட்டாளாக உட்கார்ந்திருப்பதைவிடத் திறந்துவைத்துத் தோற்பது மேல். நீ போட்ட ஐந்துக்கு என் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது, குறையும் என்று தோன்றவில்லை. நான் சொன்ன பொய்க்கு உன் கோபம் குறைய வேண்டும் என்று கேட்கவும் மாட்டேன். கோபத்தோடேயே வேலை செய்யலாம், அதற்கு விதி ஒன்றும் இல்லை.

அக்டோபர் 21, காலை ஒன்பது மணிக்குத் தரவு திறக்கும். தரவு எல்லாருக்கும் பொது, என் குழு என்று இப்போது ஒன்றும் இல்லை, அதனால் நீ உன் பெயரில் செய். முடித்ததும் உன் பெயரில் வெளியிடு. எனக்கு அனுப்பிக் காட்டிவிட்டு என்று நல்லபிள்ளையாகக் காத்திருக்காதே, அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் முந்திவிடுவார்கள். என் பெயரைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உன் கையில்.

அம்மாவை அன்றைக்குக் காலையில் கதவைத் தட்ட வேண்டாம் என்று சொல்லிவை. சாப்பிட்டுவிட்டு உட்கார்.

இப்படிக்கு,
அக்கா